எஜமானக் கண்

1

என் கண்களில் எது எஜமான் என்று இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட இவர் பார்த்ததில்லையே.

சமையலறை ஜன்னலருகே, கழுவிய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இப்படித்தான் நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். எனக்கும் இதை எழுதுகிற வேலை இருந்திருக்காது.

அவள் என் தங்கை. [முதல் பிரதியில் 'என் தோழி' என்று போட்டிருந்தேன். தோழி என்று எழுதினால் வாசிப்பவர்கள் எழுதியவளைத்தான் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். எனக்குக் கணவர் இல்லை. கழுவ ஒரே ஒரு டம்ளர்தான்.]

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க ஆபீஸ்ல சட்டப் புஸ்தகம் எல்லாம் இருக்கும்ல?"

"இருக்கு. யாரை உள்ள தள்ளணும்?"

"ஆளை இல்ல. ஒரு துப்பாக்கிய."

2

காற்றுத் துப்பாக்கி. மலிவானது. ஒரு நல்ல மிக்ஸியின் விலைகூட இல்லை. பிளாஸ்டிக் கட்டை, நடுவில் மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும் குழல், பட்டாணியைவிடச் சின்ன ஈயக் குண்டு. தங்கையின் கணவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு லென்ஸ் வெட்டி, சட்டத்தில் பொருத்தி, மூக்கில் மாட்டிச் சரிபார்க்கிற மனிதர். காலி ரோட்டில்கூட சிவப்பு விளக்குக்கு நிற்பார். அப்படிப்பட்டவர் துப்பாக்கி வாங்கினார் என்றதும் நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதே. அதுக்கு எண்ணெய் போடுறார் அக்கா. பழைய பனியன்ல துடைச்சு, போர்வைக்குள்ள படுக்க வைக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட அப்படிப் போத்தினதில்ல."

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கொல்லைப்புறத்தில், பழைய செய்தித்தாள்களைத் திணித்த தகரப் பெட்டியின் மேல் வட்டம் போட்ட காகிதத்தை ஒட்டிச் சுடுவார். டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இவ்வளவு மட்டும் என்றால் இது வேடிக்கைக் கதை. கணவனும் துப்பாக்கியும், நடுவில் மனைவி. அந்தக் கதையை இரண்டு பக்கம் எழுதி

[எழுதிக் கிழித்தேன். துப்பாக்கிமேல் பொறாமைப்படுகிறவள் என் தங்கை இல்லை. அவள் அதைச் சொன்னது, இன்னொன்றைச் சொல்வதற்குத் தொண்டையைச் செருமிக்கொண்ட மாதிரி.]

3

அந்த இன்னொன்று பக்கத்து வீட்டுத் தையல்காரி.

இவளை எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் அவளுக்கு நீண்ட கழுத்து வைத்தேன். பிறகு மதிலில் ஊன்றிய வழுவழுப்பான முழங்கை. இரண்டையும் அடித்துவிட்டேன். நான் அவளை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். உதட்டில் இரண்டு குண்டூசி, கழுத்தில் இஞ்ச் டேப், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. வருஷம் முழுக்கப் பள்ளிச் சீருடை தைக்கிறவள். அழகி என்று எழுதினால் தங்கைக்கு நியாயம் சேர்ந்துவிடும். நிஜத்தில் அந்த வசதி அவளுக்கு இல்லை.

சத்தம் கேட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தவள் கேட்டாளாம்: "என்ன சார், ஞாயித்துக்கிழமையும் ஆணி அடிக்கிறீங்க?"

அடுத்த வாரம் கொல்லைக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் 'சார்' போய் 'அண்ணே' ஆனது.

"அண்ணேன்னுதானே கூப்பிடுறா, அப்புறம் என்ன?" என்றேன் போனில்.

"மனசுல இருக்கிறதையா எல்லாரும் கூப்பிடுறாங்க? நானும்தான் என் மாமியாரை அம்மான்னு கூப்பிட்டேன்."

தையல்காரி சுட்ட குண்டுகள் காகிதத்தின் மூலைக்கு ஒன்றாகப் போயின. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஊசியில நூல் கோக்கறப்ப எந்தக் கண்ணை மூடுவீங்க?" என்று கேட்டார்.

"வலது கண்ணை. ஏன்ணே?"

"கட்டைவிரலை நீட்டுங்க. அந்தத் தண்ணித் தொட்டியோட குழாயை விரலால மறைங்க. இப்ப ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க."

ஒரு கண்ணால் பார்க்கும்போது விரல் குழாயை விட்டு விலகும். இன்னொரு கண்ணால் பார்க்கும்போது அசையாமல் நிற்கும். விரலை அசையாமல் காட்டுகிற கண்தான் எஜமானக் கண். மற்றது அதற்கு ஒத்தாசை. தையல்காரிக்கு இடது கண் எஜமான். அதனால் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றச் சொன்னார்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க. ஸ்பிரிங் துப்பாக்கிய இறுக்கினா குறி தப்பும். உள்ளங்கை மேல சும்மா படுத்திருக்கட்டும். அதுபாட்டுக்கு உதறட்டும்."

அடுத்த ஐந்து குண்டுகளையும் ஒரு நாணயத்தால் மூடிவிடலாம்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த என் தங்கையின் கையில் டம்ளர் இருந்தது. முதல் வரிக்கு மறுபடி போய்ப் பாருங்கள்.

4

இனி சட்டம். இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கதை இங்கேதான் திரும்புகிறது.

வக்கீல் ஐயா கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.* தங்கைக்காக அந்தத் துப்பாக்கியைப் பிடுங்க ஒரு வரி கிடைக்காதா என்று விரல் வைத்துப் படித்தேன். கிடைக்கவில்லை. குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். வாங்குகிறவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும். ரசீது இருக்க வேண்டும். இருக்கிறது. தெருவில் எடுத்துப் போனால் உறைக்குள், குண்டு போடாமல் இருக்க வேண்டும். அவர் தெருவுக்கே எடுத்துப் போவதில்லை. குண்டு மதிலைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை. பறவைகளைச் சுடக் கூடாது. அவர் எறும்பையே சுற்றிக்கொண்டு போகிறவர்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பதினான்கு வருஷத்து வீட்டை ஆட்டிவைக்கிற ஒரு சாமானை, சட்டம் அளந்து பார்த்து, இதனால் ஆபத்தில்லை என்று எழுதி வைத்திருக்கிறது.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன். ஏழாவது உட்பிரிவு. துப்பாக்கியின் சொந்தக்காரரோ அவர் குடும்பத்தாரோ அல்லாத ஒருவர் அந்த வளாகத்தில் சுடுவதானால், வீட்டின் உரிமையாளர்கள் அனைவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது.

*[கதைக்குள் இருக்கிற ஊருக்கான விதிகள் இவை. உங்கள் ஊரில் வேறாக இருக்கும். என்னை நம்பித் துப்பாக்கி வாங்கிவிடாதீர்கள். வாங்கிவிட்டு என் தங்கை வீட்டு விலாசத்தையும் கேட்காதீர்கள்.]

5

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

ஏழாவது உட்பிரிவைத் தங்கைக்கு நான் ஏன் சொன்னேன்? அவள் கேட்டாள், சொன்னேன். இது ஒரு பதில். ஆனால் புத்தகத்தை மூடும்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடியது. அது அவளுக்காக வந்த சந்தோஷம் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வீடு, இரண்டு பேர் பெயரில் பத்திரம், கொல்லை, தண்ணீர்த் தொட்டி. அவள் வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து, அங்கே பார்த்தவற்றில் குறையாக ஏதாவது உண்டா என்று மனதுக்குள் தேடிக்கொண்டே வருவேன். சுவரில் ஈரம். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். அதற்குமேல் கிடைத்ததில்லை. இப்போது அவளே கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள், பொறாமை என்று ஒன்றை. அதன்மேலும் எனக்குப் பொறாமை வந்தது. பொறாமைப்படுவதற்கு அவளுக்கென்று ஒருவர் இருக்கிறாரே.

முதல் வரியைத் தங்கை என்னிடம் சொல்லவில்லை. ஜன்னல், டம்ளர், தையல்காரியின் விரல், எல்லாம் சொன்னாள். நினைத்தது என்ன என்று சொல்லவில்லை. அந்த வரியை நான் போட்டேன். போட்டுவிட்டு, என் அறையில் கட்டைவிரலை நீட்டி, எதிர்வீட்டு விளக்குக் கம்பத்தை மறைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன்.

எனக்கு வலது. யாராவது கேட்டால் சொல்வதற்காக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

6

தங்கை செய்த தப்பு இது: சட்டத்தைத் தூக்கிக் காட்டினால் அவர் பயந்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தாள்.

"வெளியாள் சுட்டா தப்பாமே. அக்கா சொன்னா" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

அவர் வெலவெலத்துப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை தையல்காரியை மதிலோடு திருப்பி அனுப்பினார். தங்கைக்கு மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் கடையைப் பாதி நேரம் மூடிவிட்டு, நகராட்சிக்குப் போய் வரிசையில் நின்று, சம்மதப் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர், பச்சை விழுந்தால் போகத்தானே செய்வார். இது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியதோ என்னவோ.

"அடுத்த மாசம் துப்பாக்கி கிளப்புல புதுசா சுடுறவங்களுக்குப் போட்டி வைக்கிறாங்க. அவங்களுக்கு நல்லா வருது. பழகாம விட்டா பாவம்" என்றார். எல்லாக் கட்டங்களையும் தன் அச்சுப்போன்ற கையெழுத்தில் நிரப்பியிருந்தார். ஒன்றைத் தவிர.

"இங்க என்ன போடுறதுன்னு தெரியல. நீயே சொல்லு."

அந்தக் கட்டத்தின் தலைப்பு: வெளியாளுக்கும் உங்களுக்கும் உள்ள உறவு.

கட்டம் காலியாக இருந்தது. பொய் எழுதத் தெரியாத மனிதர் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்து எடுத்திருக்கிறார். ஒரு புள்ளி மட்டும் இருந்ததாம்.

"பக்கத்து வீடுன்னு போட வேண்டியதுதானே?" என்று நான் போனில் கேட்டேன்.

"அதைத்தான் அக்கா நானும் நினைச்சேன். அவருக்கு ஏன் அது தோணல?"

7

முடிவுகள்.

அ) தங்கை கையெழுத்துப் போடுகிறாள். தையல்காரி போட்டியில் ஜெயித்து, கோப்பையோடு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து 'அண்ணி' என்கிறாள். [எல்லோரும் நல்லவர்கள். எனக்குப் பிடிக்கவில்லை.]

ஆ) தங்கை துப்பாக்கியை எடுத்து, குழலை மடக்கி, குண்டு போட்டு, ஜன்னல் வழியாக [வேண்டாம். இந்தத் துப்பாக்கி யாரையும் கொல்லாது. சட்டம் அளந்துவிட்டது.]

இ) உறவு என்ற கட்டத்தில் தங்கையே ஒரு வார்த்தையை எழுதுகிறாள். அந்த வார்த்தையைப் பத்து விதமாக எழுதிப் பார்த்தேன். பத்தும் என் வார்த்தைகள்.

அதனால் படிவத்தை இப்படியே உங்களிடம் தருகிறேன். கட்டம் காலி, கீழே கையெழுத்துக்கான கோடும் காலி. எனக்கு இதில் கைவைக்கும் யோக்கியதை இல்லை என்று ஐந்தாம் பகுதியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். அவள் கடைசியில் கையெழுத்துப் போட்டாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்க ஆசையாக இருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை.

அவள் தானாகச் சொன்னது இவ்வளவுதான். படிவம் சாப்பாட்டு மேஜைமேல் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் இருந்தது. அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கடைக்கு வருகிறவர்களை அளவெடுக்கப் பார்ப்பது போல இல்லையாம், வேறு மாதிரியாம். ஏதோ புரிந்துவிட்ட மாதிரி, கொஞ்சம் பயந்த மாதிரி.

"வா, கொல்லைக்குப் போலாம்" என்றார். "உனக்கு எந்தக் கண்ணுன்னு நான் பாத்ததே இல்லல்ல? விரலை நீட்டு, பாத்துடலாம்."

அவள் கையிலிருந்த சட்டையை முழுசாக மடித்து, மற்ற துணிகளின்மேல் வைத்தாள்.

"வேண்டாங்க. எனக்குத் தெரியும்."