களைக்கு ஊற்றிய தண்ணீர்

அக்கா வீட்டுத் தோட்டத்தின் கேட்டைத் திறந்ததுமே அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஆரஞ்சு மரங்களுக்கடியில் தரை துடைத்து வைத்த தட்டுபோல் இருந்தது. பேருக்குக்கூட ஒரு புல் இல்லை.

"எப்படி?" என்று மீசையைத் தடவினார் அக்காவின் கணவர். "நீ வர்றேன்னதும் நானே குனிஞ்சு மொத்தத்தையும் பிடுங்கிட்டேன். இடுப்பு போச்சு!"

"ஐயோ அத்தான்! களை ஆராய்ச்சிக்குத்தானே வர்றேன்னு சொன்னேன்?"

"ஆமா. எவ்வளவு சுத்தமா வச்சிருக்கோம்னு பாத்து மார்க் போடுவே, அதானே?"

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மேட்டில் மணல், பள்ளத்தில் ஈரக் களிமண், இரண்டும் ஒரே வேலிக்குள். எந்த மண்ணில் எந்தக் களை குடியேறுகிறது என்று பார்க்க இதைவிடத் தோதான தோட்டம் அவளுக்குக் கிடைக்கவில்லை. இது கைவிட்டுப் போனால் ஆய்வேடு முடியாது. பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அத்தானின் முகம் சுருங்கியது. "வேணும்னா திருப்பி நட்டுடவா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே ஒரு பிடி மண்ணை அள்ளியவள் சட்டென்று நிமிர்ந்தாள். "செடியத்தானே பிடுங்கினீங்க? விதை உள்ளேதான் தூங்குது. பழத்தட்டு இருக்கா?"

மேட்டு மண்ணும் பள்ளத்து மண்ணும் தனித்தனித் தட்டுகளில், பழம் பிரிக்கும் கொட்டகை ஜன்னலோரம் வரிசையாக ஏறின. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் ஊர் திரும்பிய பிறகு தினமும் காலையில் போன் வந்தது. "ஒண்ணு மூக்க நீட்டிடுச்சு!"

சில வாரம் கழித்து அவள் வந்தபோது ஒவ்வொரு தட்டும் ஒரு குட்டித் தேசமாகியிருந்தது. மேட்டு மண்ணில் நெருஞ்சி காலை நீட்டிப் படர்ந்திருந்தது. பள்ளத்து மண்ணில் கோரை விறைத்து நின்றது.

பேச்சுவாக்கில் அக்கா ஒரு கோரையைக் கிள்ளப் போனாள்.

"ஏய், கைய எடு! ஒடம்புக்கு ஆகாது அதுக்கு!"

"கல்யாணம் ஆனதுலேருந்து எனக்காக இந்த மனுஷன் இப்படிப் பதறினதே இல்லடி!" என்றாள் அக்கா தங்கையிடம்.

அவள் பேனாவை எடுத்து முதல் தட்டிலிருந்த களைகளை எண்ணத் தொடங்கினாள். அத்தான் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.