சத்தம் போடாத லேப்டாப்

காலையில் பல்கூட விளக்காமல் ஓடிவந்து திரையைப் பார்த்தாள். இந்நேரம் முடிந்தே போயிருக்க வேண்டிய ரெண்டர் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ராத்திரி முழுக்க இந்தச் சனியன் என்னதான் செய்துகொண்டிருந்தது? மதியம் பன்னிரண்டு மணிக்கு வீடியோ பழைய ஆபீஸ் மேடத்தின் கையில் இருக்க வேண்டும். இருக்காது போலிருக்கிறது.

அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடக்கலை படித்த காலத்தில் கையில் ஸ்கேல் இல்லாமல் கேண்டீனுக்குக்கூடப் போகமாட்டாள் என்று ஒட்டிக்கொண்ட பெயர். அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து அவளைக் கட்டிக்கொண்டவனும் அப்படித்தான் கூப்பிடுகிறான். பெற்ற மகள் மட்டும் இன்னும் அம்மா என்கிறாள், அவளுக்கு மூன்று வயதுதான் ஆகிறது.

இன்னும் கட்டாத கட்டடத்தைக் கணினிக்குள் கட்டி, அதற்குள் நடந்து போவது போல வீடியோ எடுத்துக் கொடுப்பது ஸ்கேலின் வேலை. அறையை அவள் கட்டிவிடுவாள். அதில் வெயில் எங்கே விழும், கண்ணாடியில் எது தெரியும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாக வார்த்தெடுப்பது லேப்டாப்பில் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டின் பாடு. அதைத்தான் ரெண்டர் என்பார்கள். வேலைக்குப் போன காலத்தில் அவள் வைக்கிற வெயிலுக்கு ஆபீசில் அவ்வளவு மவுசு. "ஸ்கேல் ஜன்னல் வெச்சா கைய நீட்டி வெயில் காயலாம் போல இருக்கும்" என்று மேடமே சொல்லியிருக்கிறாள்.

குழந்தை பிறந்து வேலையை விட்டாள். இப்போது திரும்பச் சேரத் துடிக்கிறாள். மேடம் நல்லவள், சோதித்துப் பார்க்க வீட்டுக்கே வேலை அனுப்பினாள். முதல் வேலை தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது நேரத்துக்குப் போனது, ஆனால் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இருக்காதா பின்னே! ரெண்டர் சீக்கிரம் முடியட்டும் என்று மரங்களிலிருந்து இலைகளை உருவியிருந்தாள், திரைச்சீலைகளை எடுத்திருந்தாள், தரையின் பளபளப்பைக் கொன்றிருந்தாள். மேடம் அதைப் பார்த்துவிட்டு, "உன் கை பட்ட மாதிரியே இல்லையேம்மா" என்றாள். அன்றைக்கு ஸ்கேல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இது மூன்றாவது. ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. நேரம் தவறிவிடக் கூடாதென்று இதிலும் இலைகளையும் தரையின் பளபளப்பையும் எடுத்துவிட்டுத்தான் ஓடவிட்டிருந்தாள். "இது சரியா வந்துட்டா அடுத்த மாசத்துலேர்ந்து உன் நாற்காலி உனக்கு" என்று மேடம் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் ஸ்கேல் இத்தனை நாளாகச் சாப்பிட்டாள், தூங்கினாள், மகளுக்குச் சட்டை மாட்டினாள்.

லேப்டாப்பைச் சும்மாவும் விட்டுவைக்கவில்லை. அடியில் காற்றுப் போகட்டும் என்று பாத்திரம் கவிழ்க்கிற கம்பித் தட்டின் மேல் ஏற்றி, பக்கத்தில் டேபிள் ஃபேனை வைத்து, பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டாள். ரிப்பேர் கடையில் கொடுத்துத் தூசி தட்டி, உள்ளே சில்லின் மேல் சூட்டைக் கடத்துகிற புதுப் பேஸ்ட் தடவி வாங்கினாள். ஞாயிறுதோறும் கணவன் கச்சை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கிராஃபிக்ஸ் கார்டை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளை வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி நடுவான். "இப்பப் பாரு, பறக்கும்" என்பான். பறக்கவும் செய்யும். லேப்டாப்பின் உள்ளே இருக்கிற ஃபேன் சுழன்று இரையும், படங்கள் மளமளவென்று விழும். திங்கட்கிழமை பார்த்தால் பழையபடி தவழ்ந்துகொண்டிருக்கும். மெஷின் விஷயமெல்லாம் அவன் இலாகா. வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறவன், அவனுக்குத் தெரியாததா? "வயசாயிடுச்சு ஸ்கேல் இதுக்கு. நீயும் கொஞ்சம் வெயிட் கம்மியா மாடல் பண்ணிப் பழகிக்கோ" என்று ஆதரவாகத்தான் சொல்வான்.

இன்று காலை அவள் முதலில் ரிப்பேர் கடைக்காரருக்குத்தான் போன் போட்டாள்.

"சூடு எவ்ளோ காட்டுது அக்கா?"

"அறுபதுகூட இல்ல. நல்லா கூலாத்தான் இருக்கு."

"ரெண்டர் ஓடும்போதா? அப்ப அது வேலையே செய்யலக்கா. வேலை செஞ்சா எண்பதாவது தொடணும்."

"எண்பதா? வெடிச்சிடாது?"

"அட, அதெல்லாம் தாங்கும். தாங்கறதுக்குத்தானே செஞ்சிருக்கான். டிரைவர் கோளாறா இருக்கும், வீட்ல சாரைப் பாக்கச் சொல்லுங்க."

சார் பார்த்தார். ஆபீஸ் கூட்டத்துக்கு நேரமிருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, புது டிரைவரைப் பிடுங்கி, ஆறு மாதத்துக்கு முந்தியதைத் தேடி எடுத்துப் போட்டு, லேப்டாப்பை அணைத்துப் போட்டார். ரெண்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. லேப்டாப் இரைந்தது. படங்கள் விழ ஆரம்பித்தன. மீதி நேரம் என்று திரையின் ஓரத்தில் காட்டிய கணக்கு ஏழு மணியிலிருந்து இரண்டரை மணிக்கு இறங்கியது.

"சொன்னேன்ல?" என்றான்.

அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயில் ஒரு பாட்டு வந்தது. மகளைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், கூட உட்கார்ந்து பொம்மைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். லேப்டாப் பக்கம் போய் எட்டிப் பார்த்தால் கண்பட்டுவிடும் என்கிற மாதிரி ஒரு பயம் வேறு. பதினோரு மணிக்கு மகள் கண்ணயர்ந்ததும் பூனை போல நடந்து ஹாலுக்கு வந்தாள். ஹாலில் நிசப்தம். முடிந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள், பாவி.

முடியவில்லை. மீதி நேரம் மறுபடி ஐந்து மணிக்கு மேல் காட்டியது. கை வைத்துப் பார்த்தாள், லேப்டாப் சில்லென்று இருந்தது. அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மேடத்துக்குப் போன் போட்டாள்.

"மேடம், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுப்பீங்களா? லேப்டாப் ரொம்பப் படுத்துது."

மேடம், "பரவாயில்லம்மா" என்றாள். "நேத்தே இன்னொரு பொண்ணையும் செஞ்சு வைக்கச் சொல்லியிருந்தேன். அவ அனுப்பிட்டா."

"இன்னும் பன்னண்டு ஆகலையே மேடம்."

"உன் மேல எனக்குக் கோவமே இல்ல. புரிஞ்சுக்கோ. குழந்தை, வீடுன்னு உனக்கு ஆயிரம் இருக்கு. எல்லாருக்கும் ஒரே வேகம் வருமா? நிதானமா இரு. பிறகு எப்பவாவது பார்ப்போம்."

திட்டியிருந்தால் தேவலை. ஸ்கேல் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். நானே மந்தமாகிவிட்டேன், அதுதான் விஷயம், மெஷினைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது. மூன்று வருஷத்தில் கை மரத்துப்போயிருக்கும், மூளை மழுங்கியிருக்கும். இனி யார் கேட்கப்போகிறார்கள், இருந்தாலும் வார்டு எப்படி வந்திருக்கிறது என்றாவது பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பை அணைத்துப் போட்டு, ரெண்டரை மறுபடி ஓடவிட்டாள். அது இரைந்துகொண்டு பறந்தது. அவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, மாவு மெஷின் மாதிரி அது போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கணவன் காதில் ஹெட்போனோடு யாரிடமோ "யெஸ், யெஸ்" என்று சொல்லியபடி காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர் பிடிக்கச் சமையலறைக்குப் போகிற வழியில், நடையை நிறுத்தாமல், மேசைப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல், இடது கையை நீட்டி லேப்டாப்பில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். ஆளில்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவன் மாதிரி. இரைச்சல் அடங்கியது. திரையின் மூலையில் 'அமைதி நிலை' என்று ஒரு சின்ன எழுத்து வந்து மறைந்தது. மீதி நேரம் ஏற ஆரம்பித்தது.

அவன் தண்ணீரோடு திரும்பி வந்தபோது ஸ்கேல் எழுந்து நின்றிருந்தாள்.

"இப்ப என்ன அமுத்துனீங்க?"

ஹெட்போனைக் கழற்றினான். "எத?"

"லேப்டாப்ல. இப்ப. கைய வெச்சீங்களே."

"ஓ, அதுவா? ஃபேன் சத்தம். மீட்டிங்ல இருக்கேன்ல, எல்லாருக்கும் கேக்குது. காலைலயும் அப்படித்தான் கத்திச்சு."

"காலைலயும் அமுத்துனீங்களா?"

"ஆமா."

"ராத்திரி?"

"ராத்திரி எப்பவுமே அமுத்திட்டுத்தானே படுப்பேன். பாப்பா பொறந்ததுலேர்ந்தே. இல்லன்னா புள்ள தூங்குமா? நானும்தான் தூங்க முடியுமா?" அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏன்? என்ன ஆச்சு?"

அவள் கையை மட்டும் திரைப்பக்கம் காட்டினாள். மீதி நேரக் கணக்கை அவன் படித்தான். அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. சத்தம் குறைய வேண்டுமென்றால் சூடு குறைய வேண்டும், சூடு குறைய வேண்டுமென்றால் கார்டு பாதிக்கும் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு ஓட வேண்டும், அணைத்துப் போட்டால்தான் அந்த நிலை கலையும், இது அவனுக்குத் தெரியாததா! தெரிந்தவன்தான். அவன் விரலுக்குத்தான் தெரியவில்லை.

"ஐயோ, ஸ்கேல்," என்றான். "நீ சொல்லியிருந்தா..."

"என்னத்த சொல்றது? எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு! இலையெல்லாம் புடுங்கிப் போட்டேனே. ஒவ்வொரு மரமா உக்காந்து புடுங்கிப் போட்டேனே, நான் மக்கு, எனக்கு வரலைன்னு."

"நான் வேணா மேடத்துகிட்டப் பேசட்டுமா? நான் எடுத்துச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

அவன் கையில் கிடந்த ஹெட்போனிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஸ்கேல் குனிந்து அந்த இரண்டு பொத்தான்களைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினாள். லேப்டாப் அடிவயிற்றிலிருந்து இரைந்தது. சூடு எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று ஏறியது. ஏறட்டும், தாங்கும். குழந்தைகள் வார்டு ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. கட்டில்கள், வெளுத்த தரை, இலையில்லாத மரம் நிற்கிற ஜன்னல். அவன் பக்கத்தில் நின்றான், தடுக்கவில்லை.

உள்ளே மகள் விழித்துக்கொண்டாள். முதலில் முனகினாள், பிறகு வீறிட்டு அழத் தொடங்கினாள். கணவன் அசையாமல் ஸ்கேலின் முகத்தையே பார்த்தான். ஸ்கேல் திரையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, யாருக்கும் வேண்டாத வீடியோதான், ஆனாலும் இன்னும் கொஞ்சம்தான். அழுகை ஏறிக்கொண்டே போனது.

கையை நீட்டி அவளே அந்த இரண்டு பொத்தான்களை அமுக்கினாள். லேப்டாப் அடங்கிவிட்டது. "இதோ வந்துட்டேன் செல்லம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.