வீடு-1-இலிருந்து செய்தி இல்லை

1.

இந்தக் கதை ஒரு நிறுவல் குறிப்பாகத்தான் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. மேலாளர் கேட்டது பதினொரு படிகள் கொண்ட ஆவணம்: எங்கள் நெட்வொர்க்கில் உள்ள முந்நூற்று நாற்பது கருவிகள் ஓயாமல் அனுப்பும் செய்திகளை வாங்கிச் சேமிக்கும் புதிய சேவையை எப்படிக் கண்டெய்னர் என்னும் மென்பொருள் பெட்டிக்குள் நிறுவுவது, எப்படி அமைப்பது. ஆறாவது படி வரை ஒழுங்காகத்தான் எழுதினேன். ஏழாவது படியில், 'கருவிகளின் பட்டியலைச் சேர்க்கவும்' என்பதற்குக் கீழே, 'வீடு-1 காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்துவிடும்' என்று எழுதிவைத்திருந்தேன்.

மேலாளர் அந்த வரிக்கு மஞ்சள் அடித்து ஓரத்தில் கேட்டிருந்தார்: "இது யாரு? இங்க என்ன பண்றாங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அங்கேதான்.

2.

தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாங்கள்—' மழை பெய்யவில்லை. கதை என்றதும் கை தானாக மழையைக் கொண்டுவருகிறது.

'பெரியவரை அனுப்பிவைக்க எல்லோரும் கூடியிருந்தோம். பதினான்கு வருடம் ஒருநாள் கூட விடுப்பு எடுக்காதவர்—' பெரியவர் மனிதரல்ல, பழைய சர்வர் என்பதை மூன்று பத்தி கழித்துச் சொல்லி உங்களை ஏமாற்றும் திட்டம் இது. வேண்டாம். இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி. கருவிகளின் செய்திகளை இதுவரை வாங்கிக்கொண்டிருந்தது அதுதான். அந்த அறையில் எப்போதும் குளிர், பெரியவரின் தலை மட்டும் சூடு. சாப்பாட்டு டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டால் ஒரு மணிக்கு இதமாக இருக்கும். சர்வர் மேல் உணவு வைக்கக்கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பும் அந்தச் சூட்டில் ஓரம் சுருண்டுபோயிருந்தது. அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

புதிய கண்டெய்னருக்கு நாங்கள் வைத்த பெயரும் டப்பாதான். "இந்த டப்பால சோறு சூடாகாது" என்றான் கமா.

3.

கமாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அவன் என் சக பொறியாளன். ஒருமுறை அமைப்புக் கோப்பில் ஒரு கமாவை விட்டுவிட்டு நான்கு மாடிக் கட்டடத்தையே முடக்கியவன். பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கமாவை விட்டது உண்மையில் வேறொருவர். இருவரையும் சேர்த்து ஒருவனாக்கிவிட்டேன். கதைக்கு ஒருவன் போதும். (அந்த வேறொருவர் யார் என்று கேட்காதீர்கள். முதல் வரியிலிருந்து உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர்தான்.)

4.

இப்போது வீடு-1.

அம்மா வேறு ஊரில், நான் வளர்ந்த மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு மூன்று மாதம் அங்கே தங்கி வேலை பார்த்தபோது ஒரு ரவுட்டர் மாட்டினேன். சோதனைக்காக, அதற்கு வீடு-1 என்று பெயரிட்டு, அதன் செய்திகளும் பெரியவருக்கு வரும்படி செய்தேன். அடுத்த வாரம் நீக்கிவிடலாம் என்று நினைத்தேன்.*

* எங்கள் தொழிலில் 'அடுத்த வாரம்' என்றால் சாகும்வரை.

நான் திரும்பிய பிறகும் ரவுட்டர் அங்கேயே இருந்தது. ஸ்விட்ச் போட்டதும் 'இயங்கத் தொடங்கினேன்' என்று ஒரு வரி அனுப்பும். அணைத்தால் மௌனம். அம்மா படுக்கப்போகும்போது அணைப்பாள், காலை ஐந்து நாற்பதுக்குப் போடுவாள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்க எழுந்துபோனால் கூட ஃபேனை நிறுத்திவிட்டுப் போகிறவள் அவள்.

தினமும் காலையில் தேநீரோடு அந்த ஒரு வரியைப் பார்ப்பேன். வரி இருந்தால் அம்மா எழுந்துவிட்டாள், நலம். அதனால் போன் செய்வது வாரத்துக்கு ஒருமுறையாகி, பிறகு மாதத்துக்கு ஒருமுறையாகியது. இதை எழுதும்போது எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அம்மாவாகக் கூப்பிடுவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். "இங்க கரண்டு இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பாள், வைத்துவிடுவாள். கரண்டு போனதைச் சொல்ல ஒரு போனா என்று நான் சிரித்திருக்கிறேன்.

5.

வெள்ளிக்கிழமை மதியம் டப்பாவை நிறுவினோம். அமைப்புக் கோப்பை எழுதினேன், செய்திகள் நுழையும் வாசலைத் திறந்தேன், கருவிகள் செய்தி அனுப்பும் முகவரியைப் பெரியவரிடமிருந்து டப்பாவுக்கு மாற்றினோம். எல்லாம் சரி என்று திரையில் பச்சை. பெரியவரின் மின்கம்பியைக் கமா உருவினான். விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது.

சனிக்கிழமை காலை வீட்டிலிருந்தே பார்த்தேன். ஐந்து நாற்பது: ஒன்றுமில்லை. ஆறு: ஒன்றுமில்லை. ஏழு.

வேறு கருவிகளிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். பார்க்கவில்லை. இருபது வருட அனுபவமுள்ளவள் வீடு-1 என்ற ஒற்றைப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா குளியலறையில் விழுந்துகிடப்பதாக— [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

6.

போன் செய்தேன். மணி மூன்றாவது முறை அடித்ததும் அம்மா எடுத்தாள்.

"என்னடி, இன்னிக்கு லைட்டு வரலையா?"

"என்ன லைட்டும்மா?"

"ரவுட்டர் லைட்டு. நான் எப்பவும்போல போட்டுட்டேனே."

"அது எனக்குத் தெரியும்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

"நீதானே சொன்ன, அத மாட்டறப்ப. நீ ஸ்விட்ச் போட்டா அங்க எனக்குத் தெரியும்மான்னு. அதான் எழுந்ததும் மொதல்ல அதத்தான் போடறேன். பல்லு வெளக்கறதே அப்புறம்தான்."

"அப்ப இன்டர்நெட்?"

"பட்டன் போன வச்சுக்கிட்டு நான் எந்த நெட்ட பாக்கப்போறேன்?"

அப்படி நான் சொன்னதே எனக்கு நினைவில்லை. பட்டன் போன் வைத்திருப்பவளுக்கு ரவுட்டர் எதற்கு என்றும் ஒன்பது வருடத்தில் ஒருமுறை கூடத் தோன்றவில்லை. கரண்டு போன நாளில் அவள் ஏன் கூப்பிட்டாள் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் பயந்துவிடக்கூடாதே என்று.

"சில நாள் எழுந்திருக்கவே தோணாது" என்றாள், சாதாரணமாக. "எழுந்து என்ன செய்யப்போறோம்னு இருக்கும். அப்புறம், அவ அங்க பாத்துட்டு இருப்பாளேன்னு எழுந்துடுவேன்."

7.

திங்கட்கிழமை கமாதான் கண்டுபிடித்தான். வீடு-1 மட்டுமல்ல, முந்நூற்று நாற்பதில் ஒன்றிலிருந்தும் ஒரு வரி வரவில்லை.

செய்தி அனுப்ப இரண்டு வழி உண்டு. ஒன்றில், 'வந்து சேர்ந்தது' என்று மறுமுனை சொல்லும்வரை அனுப்புகிறவர் காத்திருப்பார். இன்னொன்றில் அனுப்பியதோடு சரி. எங்கள் கருவிகள் இரண்டாவது வகை. அதற்கான வாசலைத் திறக்க, வாசல் எண்ணுக்குப் பக்கத்தில் யுடிபி என்று மூன்றெழுத்து எழுத வேண்டும். நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் முதல் வகைக்கு மட்டுமே கதவு திறக்கும். பிழை என்று யாரும் கத்த மாட்டார்கள். திரை பச்சையாகவே இருக்கும்.

"ரெண்டு நாள் செய்திய திரும்ப அனுப்பச் சொல்ல முடியாதா?" என்றார் மேலாளர்.

"அனுப்புனதே அதுங்களுக்கு ஞாபகம் இருக்காது சார்" என்றான் கமா.

மூன்றெழுத்தைச் சேர்த்தேன். வரிகள் கொட்டத் தொடங்கின. அவற்றின் நடுவே வீடு-1. அதைத்தான் மேலாளர் மறுநாள் ஆவணத்தில் மஞ்சள் அடித்தார். அலுவலகத்துக்குச் சொந்தமில்லாத கருவி, நெட்வொர்க் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே வருகிறது. அவர் சொன்னது நியாயம். புதன்கிழமை வீடு-1-ஐக் கருவிகளின் பட்டியலிலிருந்து நீக்கினேன். மறுநாள் காலையிலிருந்து அம்மாவின் ஸ்விட்ச் கிணற்றில் போட்ட கல்.

8.

முடிவுகள்.

(அ) அம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன். "அதனால என்ன, தினம் போன் பண்ணு" என்று சிரிக்கிறாள். [எழுதினேன், படித்தேன், நம்பவில்லை. 'எழுந்திருக்கவே தோணாது' என்று சொன்னவள் இப்படிச் சிரிப்பாளா?]

(ஆ) வேறு பெயரில் வீடு-1-ஐ மறுபடி பட்டியலில் நுழைக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை. கமாவே காட்டிக்கொடுப்பான்.

(இ) அவளை என்னோடு அழைத்துவருகிறேன். [ஏற்கெனவே நான்கு முறை கேட்டாகிவிட்டது. "அந்த ஊர்ல எனக்கு எந்த ஜன்னல் தெரியும்?" என்கிறாள்.]

9.

நடந்தது இதுதான். தினமும் ஐந்து நாற்பத்தைந்துக்குப் போன் செய்கிறேன். "லைட்டு பாத்தேம்மா, அதான் கூப்பிட்டேன்" என்கிறேன். பொய். ஆனால் அம்மாவின் குரல் அப்போது எவ்வளவு தெளிவாக இருக்கும் தெரியுமா? பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கியதைச் சொல்வாள், மாடிப்படியில் பல்பு போனதைச் சொல்வாள். ஒன்பது வருடத்தில் பேசாததை இந்த மூன்று வாரத்தில் பேசிவிட்டோம். இந்தக் கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதாகத்தான் இருந்தேன்.

நேற்றுக் காலை கொஞ்சம் தாமதமாக எடுத்தாள்.

"வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சும்மா. இப்பதான் பாத்தேன்."

"நான் இன்னும் ஸ்விட்ச் போடலையேடி. இடுப்பு புடிச்சுக்கிச்சு. எழுந்திருக்க முடியாம படுத்துதான் கெடக்கேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுத முடியவில்லை. ஏழு விதமாக எழுதிப் பார்த்து அழித்துவிட்டேன். இனி உங்கள் பாடு. யோசித்து, நல்ல வரியாகச் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அம்மா லைனில் இருக்கிறாள்.