பூட்டுத் தொட்டிகள்

அய்ம்கான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாளே தனியார் கம்பெனிக்காரர்கள் வந்து முற்றத்திலிருந்த பழைய குப்பைத் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூடியும் பூட்டும் வைத்த பச்சை இரும்புத் தொட்டிகள் அந்த இடத்துக்கு வந்தன. வீட்டுக்கு ஒரு சாவி. பிஷ்கெக்கில் இந்த ஏற்பாடு புதிது. குடியிருப்பின் தலைவி என்பதால் அய்ம்கான்தான் மாடி மாடியாக ஏறி எல்லோரையும் சம்மதிக்க வைத்தாள். இனி நாய்த் தொல்லை இல்லை, பைகளைக் கிழித்து இறைக்கிற ஆளும் இல்லை.

அந்த ஆள், ரிஸ்பெக், வழக்கம்போல விடிகாலையில் வந்தான். வருடக்கணக்காக அங்கே பாட்டிலும் அட்டையும் பொறுக்குகிறவன். உள்ளே படுத்திருக்கும் பூனை முகத்தில் பாய்ந்துவிடாமலிருக்க, கைவிடுமுன் கம்பியால் தொட்டியை இரண்டு தட்டுத் தட்டுவான். பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முற்றத்தில் நின்ற அய்ம்கானிடம் கேட்டான்.

"எனக்கும் ஒரு சாவி குடுக்கா. எதையும் எறைக்க மாட்டேன்."

"வீடு இருக்கறவங்களுக்குத்தான்ப்பா சாவி."

"அதுவும் சரிதான். வீடு இருந்தா நானும் குப்பை போட்டிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பிறகு அவன் வரவில்லை. கடுங்குளிர் இறங்கியது. ஒருநாள் விடிகாலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கீழே இரும்பில் இரண்டு தட்டுக் கேட்டது. மாவுக் கையோடு ஜன்னலுக்குப் போனாள். பனியில் ஒரு காலடிகூட இல்லை. அடுத்த நாளும் கேட்டது.

"சுடுதண்ணிக் குழாய்ச் சத்தம். வயசாயிருச்சு உனக்கு" என்றான் கணவன் ஜூமாகாதிர்.

"குழாய் தெனமும் ரெண்டே தட்டோட நிறுத்திக்குமா?"

அவன் தேநீரை உறிஞ்சினான்.

ஆளில்லாத வீடு ஒன்றின் சாவி முதல் நாளிலிருந்தே அவள் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். குப்பை லாரி வந்து நின்றிருந்தது. ரிஸ்பெக்கை எங்காவது பார்த்தாயா என்று ஓட்டுநரிடம் கேட்டாள்.

"பேரெல்லாம் யாருக்குக்கா தெரியும். போன வாரம் ஸ்டேஷன் பக்கம் பூட்டில்லாத தொட்டியில ஒருத்தன் குளிருக்குப் படுத்திருந்திருக்கான். பாக்காம அப்படியே லாரிக்குள்ள கவுத்துட்டாங்க."

"என்ன வயசு இருக்கும்?"

"நான் அன்னிக்கு லீவு."

அவன் தொட்டியின் பூட்டைத் திறந்துவிட்டு, அதைத் தூக்கும் விசையை நோக்கி நடந்தான்.

"கொஞ்சம் பொறுப்பா" என்றாள். லாரி இரைச்சலில் அது அவனுக்குக் கேட்கவில்லை. சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்தது. லாரியின் இரும்புக் கைகள் தொட்டியைத் தூக்கின. அவள் தலைக்கு மேலே அது மெல்லச் சாய்ந்தது; மூடி தானாக விலகியது; உள்ளிருட்டிலிருந்து வெள்ளையாக ஆவி, மூச்சுபோல விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.