நெவியா விரித்த படுக்கை

குளித்துவிட்டு வெளியே வந்து பார்க்கிறேன், நெவியா கட்டிலைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

"ஏய், அதுக்குன்னு ஆள் இருக்கு இங்க."

"இருக்கட்டும். ஊர்பேர் தெரியாத ஒரு பொண்ணு வந்து நம்ம கசங்கின விரிப்பைப் பார்க்கணுமா? மானம் போயிடும்."

"அறுபத்தாறு வயசுல நம்ம விரிப்பு கசங்கியிருந்தா எனக்குப் பெருமைதான்."

"வாயை மூடு கிழவா. அந்தத் தலையணையை இப்படிப் போடு."

போட்டேன். அவள் அதோடு விடவில்லை. கண்ணாடியைத் துடைத்தாள். கைகழுவும் தொட்டியைத் துடைத்தாள். நாங்கள் துவட்டிய துண்டுகளை மூன்றாக மடித்து, கடையில் அடுக்கியதுபோல் கம்பியில் தொங்கவிட்டாள். கழிப்பறைக் காகிதத்தின் நுனியைக்கூட முக்கோணமாக மடித்து வைத்தாள். ராபாட்ஸ் கடற்கரை ஓட்டல்களில் முப்பத்தோரு வருஷம் அறை சுத்தம் செய்தவள். நான் லாபின் ஊர்க்காரன், அங்கே நிலக்கரிச் சுரங்கத்தை மூடும்வரை அதில் வேலை பார்த்தவன். எங்களுக்குப் பணக்காரர்கள் வந்து தங்கும் ஒபாத்தியாவில் இப்படி ஒரு ஓட்டலில் என்ன வேலை என்றால், கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆனதற்கு மகள் ஓரியெத்தா அயர்லாந்திலிருந்து ஏற்பாடு செய்தது. இரண்டு ராத்திரி, கடலைப் பார்த்த அறை.

"அம்மா, ரெண்டே நாள் மேடமா இரு. என்ன வேலை பார்த்தேன்னு யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்று போனில் சொல்லியிருந்தாள். நெவியாவும் மேடமாகத்தான் இருந்தாள். வந்த அன்றைக்கு வரவேற்பில் மூன்று தடவை மேடம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் முதுகு ஒரு விரல்கடை நிமிர்ந்ததை நான் பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிறவன் நாற்காலியை இழுத்துப் போட்டபோது திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தாள். பிடித்திருந்தது அவளுக்கு. ஏன் பிடிக்கக் கூடாது?

அறையைப் பூட்டிவிட்டுக் கடலோரப் பாதையில் நடந்தோம், காபி குடித்தோம். பதினோரு மணிக்குமேல் திரும்பினால் எங்கள் அறைக் கதவு திறந்து கிடக்கிறது. தள்ளுவண்டிப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிறாள், நேற்றுப் பார்த்த துப்புரவுப் பெண் ஷெம்சா. உள்ளே சூப்பர்வைசர். சட்டையில் பெயர் குத்தியிருந்தது: கொரால்கா.

"முடிச்சாச்சுன்னு குறிச்சிருக்கே. தொட்டுப் பாரு, துண்டு ஈரம். விரிப்பு நேத்துப் போட்டது."

"நான் வந்தப்பவே எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு மேடம். யாரோ முடிச்சிட்டுப் போயிட்டாங்கன்னு..."

"இந்த மாடியில நீ ஒருத்திதான். யாரு, பேய் வந்து முடிச்சுதா? போன வாரம் லேட்டு. இன்னிக்குப் பொய்க் கணக்கு. ஆபீசுக்கு வா, வேலையை விட்டுத் தூக்கற காகிதத்தைக் கையில குடுத்துடறேன்."

ஷெம்சாவின் பேச்சிலேயே ஸெனிட்சாப் பக்கம் என்று தெரிந்தது. சுரங்கத்தில் எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் போஸ்னியாக்காரர்கள், அந்த இழுப்பு என் காதுக்குப் பழக்கம். அப்போது இரண்டும் ஒரே நாடு. இப்போது அது வேறு நாடு, அவர்களுக்கு இங்கே வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு இந்த ஓட்டலின் பெயரில் இருக்கும். வேலை போனால் சீட்டும் போகும், ஊருக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

நெவியாவின் முகத்தைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "வா, இன்னொரு காபி குடிச்சிட்டு வரலாம்" என்று அவள் முழங்கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அவள் கையை உதறினாள்.

"அதைச் செஞ்சது நான்."

கொரால்கா திரும்பி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பைச் சிரித்தாள். "மேடம், உங்க நல்ல மனசு புரியுது. இவளுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம். எந்த விருந்தாளியும் இப்படிச் செய்யமாட்டாங்க. இது தொழில் தெரிஞ்ச கை."

"தொழில் தெரிஞ்ச கைதான். ராபாட்ஸ்ல முப்பத்தோரு வருஷம் கக்கூஸ் கழுவினவ நான்."

வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஜோடி ஒன்று நடையைத் தளர்த்திப் பார்த்தது. நெவியாவின் காது சிவந்துவிட்டது. கொரால்கா அவள் கம்மலைப் பார்த்தாள், காலணியைப் பார்த்தாள். நம்பவில்லை.

நெவியா கைப்பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே போய் ஒரே இழுப்பில் கட்டிலை உரித்தாள். வண்டியிலிருந்து புது விரிப்பை எடுத்து உதறினாள். அது காற்றில் விரிந்து நடுக்கோடு நடுவிலேயே வந்து விழுந்தது. மெத்தையின் மூலையை முழங்காலால் முட்டித் தூக்கி, கையை அடியில் விட்டு, துணியைக் கடித உறைபோல மடித்துச் செருகினாள். அடுத்த மூலை. அதற்கடுத்தது. குனிந்து எழும்போதெல்லாம் மூச்சு விசில் அடித்தது.

நான் கைப்பையோடு நின்றேன். இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. விடியுமுன் நான் பூமிக்கடியில் இறங்கிவிடுவேன். அவள் ஓட்டலின் பின்வாசல் வழியாகப் போய் வருவாள். சாயங்காலம் முதுகு வலிக்கிறது என்பாள். "விரிப்பு விரிச்சா முதுகு வலிக்குமா? ஒரு நாள் எங்ககூடக் கீழ வந்து பாரு" என்பேன். மதுக்கடையில் நாலு பேர் முன்னால்கூடச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சிரித்திருக்கிறோம்.

மூன்றாவது மூலையில் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள். ஷெம்சா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"தொடாதே" என்றாள் நெவியா. "நீ தொட்டா நீதான் செஞ்சேன்னு சொல்லுவாங்க."

முடித்தாள். போர்வையை மூன்று மடிப்பாகக் கால்மாட்டில் வைத்தாள், காலையில் வைத்திருந்த அதே மாதிரி. கொரால்கா குனிந்து மூலை மடிப்பில் விரலை ஓட்டினாள்.

"இந்த மடிப்பை நாங்க விட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு" என்றாள். "நானும் இதுலதான் ஆரம்பிச்சேன்." கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டி அழித்தாள். "ஷெம்சா, இனிமே துண்டைத் தொட்டுப் பார்த்துட்டுக் குறி." வாசலில் நின்று, "முழங்காலைப் பார்த்துக்கோங்க அக்கா" என்றாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

அவள் தலை மறைந்ததும் ஷெம்சா நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, உங்க காலுல விழறேன், நாளைக்கு எதையும் தொடாதீங்க. இன்னும் ஒன்பது ரூம் கிடக்கு எனக்கு. முக்கால் மணி போச்சு. பாதி உயிரும் போச்சு." கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இதையும் இப்ப பிரிக்கணும். இங்க வேற மாதிரி போடணும்."

"பிரிச்சுக்கோ" என்றாள் நெவியா. "நீ சொல்றது சரிதான்."

பால்கனியில் போய் உட்கார்ந்தோம். உள்ளே துணி உதறும் சத்தம் கேட்டது. நெவியா கைகளை மடியில் வைத்து அழுத்திக்கொண்டு எழுந்து உதவப் போகாமல் இருந்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கட்டில் போடுவே?" என்று கேட்டேன்.

கிண்டல் செய்கிறேனா என்று முகத்தைப் பார்த்தாள். "நாற்பது வருஷத்துல இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்."

"ஆமா."

"பதினெட்டு. ஆகஸ்ட்ல இருபத்திரண்டு. சனிக்கிழமை ஆள் மாறும், அன்னிக்கு எண்ணறதே கிடையாது."

"மதுக்கடையில நான் பேசினதெல்லாம்..."

"தெரியும். உன்கூடக் குடிக்கிற பெப்போவோட பொண்டாட்டி அப்பவே வந்து சொல்லிட்டா."

 நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எங்களுக்கு ஒரு மேஸ்திரியம்மா இருந்தா" என்றாள். "மடிப்பை அடிக்கோல் வச்சு அளப்பா. ஒரு விரல் கூடினா மொத்தத்தையும் பிடுங்கித் தரையில எறிவா."

"எங்க ஃபோர்மேன்கூட அடிக்கோல் வச்சதில்லை."

"உங்க ஃபோர்மேனுக்கு அந்தப் புழுதியில கண்ணு எங்க தெரிஞ்சுது?"

சிரித்துவிட்டேன். "அப்புறம்?" என்றேன். "எறிஞ்சா நீ என்ன பண்ணுவே?"

"என்ன பண்றது? பொறுக்கிக்கிட்டு மறுபடி போடுவேன்."