கரடிக்கெரேயில் வண்டி நிற்காது

கரடிக்கெரே ஸ்டேஷனை ரயில்வேக்காரர்கள்தான் மூடினார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மல்லப்பன் மறுத்துப் பேசுவதில்லை. மூடியது யார் என்று அவருக்குத் தெரியும்.

மைசூரிலிருந்து சாமராஜநகர் போகும் பாதையில், மகாராஜா காலத்திலிருந்தே அங்கே வண்டி நின்றது. தண்டவாளத்தை அகலப் பாதையாக மாற்றியபோது ஸ்டேஷன் மாஸ்டரை எடுத்துவிட்டு, டிக்கெட் விற்க மல்லப்பனைக் கமிஷனுக்கு வைத்தார்கள். ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கொள்ளேகால் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள். எல்லாரும் மல்லப்பனுக்கு மாமன் மச்சான் முறை. சொந்தக்காரனிடம் போய் யார் டிக்கெட் வாங்குவார்கள்? பூக்கூடையோடு வரும் கெம்பம்மா, அடுத்த வாட்டி வாங்கிக்கொள்கிறேன் என்று ஏறிவிடுவாள். அந்த அடுத்த வாட்டி வந்ததே இல்லை. மல்லப்பனும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார்.

பிறகு ஒரு அதிகாரி வந்து, விற்பனை இப்படியே இருந்தால் வண்டி நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.  மல்லப்பனின் மனைவி சித்தம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அந்த வண்டியில்தான் மைசூருக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தாள். மல்லப்பன் வீடு வீடாகப் போய், டிக்கெட் வாங்குங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கமிஷனுக்கு அலைகிறான் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். பெண்டாட்டி நோவைச் சொல்லிக் காசு பார்க்கிறான் என்றும் ஒரு வாய் சொன்னது. அன்றோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார். மானம் பெரிதாகப் போய்விட்டது, பாழாய்ப்போன மானம்.

ஸ்டேஷனை மூடினார்கள். பஸ் பிடிக்க மெயின் ரோடுவரை நடக்கவேண்டும். வீங்கிய காலோடு சித்தம்மாவால் முடியவில்லை. கொஞ்ச நாள் ஆட்டோ வைத்துப் பார்த்தார். பிறகு அதுவும் கட்டுப்படியாகாமல் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆனது. கடைசியில் அவளே போதும் என்றுவிட்டாள். மதிய வண்டி வீட்டுக்குப் பின்னால் தடதடத்துப் போகும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஆடியில் போய்ச் சேர்ந்தாள்.

சாவுக்கு ஊரே வந்தது. கெம்பம்மா அன்றைக்கு விற்க வைத்திருந்த பூவையெல்லாம் பாடையில் கொட்டிவிட்டு, மல்லப்பன் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா எல்லாருமே டிக்கெட் வாங்கியிருப்பமேங்கண்ணா."

நடிப்பில்லை. நிஜமாகவே மறந்திருந்தாள். அதுதான் மல்லப்பனுக்குத் தாங்கவில்லை.

"சொன்னனே கெம்பம்மா," என்றார். "உங்க வீட்டு வாசல்ல நின்னுதான் சொன்னேன்."

அவள் அழுகை நின்றுவிட்டது. பாடையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை. நேரமாகிறது, தூக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.