இருவருக்கும் ஒரு சுரங்கம்

வாடகை நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. உள்ளே தம்பி வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். முன்பின் தெரியாத தாடிக்காரன் ஒருவன் வந்து, அவள் கையிலிருந்த நாற்காலியை வாங்கி விரித்தான்.

"நீங்கதான அக்கா? அவரோட கேமை நான் விளையாடியிருக்கேன். கோட்டைச் சிறை."

அவளுக்கு அழுகை முட்டியது. படுத்த படுக்கையான பிறகு தம்பி செய்து முடித்தது அது ஒன்றுதான். படம் கிடையாது, வெறும் எழுத்து. ராஜா காலத்துச் சிறையில், கலகம் செய்து பிடிபட்ட சிப்பாய் நீ. 'விளக்கை அணை', 'கல்லைப் பெயர்' என்று தட்டினால், நடப்பதைத் திரை சொல்லும். கூடவே கால் விளங்காத கூட்டாளி ஒருவன். சாயங்காலம் தம்பிக்கு ஊட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். முதல் வேலையாக 'கூட்டாளியைத் தூக்கு' என்று தட்டுவாள்.

"நான் ஒரு தடவைகூடத் தப்பிச்சதில்லப்பா. அவனைத் தூக்கிட்டு எந்தப் பக்கம் போனாலும் பிடிச்சுடறாங்க."

தாடிக்காரன் விழித்தான். "தூக்கிட்டுப் போனா எப்படிக்கா? விட்டுட்டுப் போகணும். அது ஒண்ணுதான் வழி."

"ரெண்டு பேருக்கும் வழி இருக்குன்னானே."

"இல்லக்கா. மாட்டிக்கிட்டு நின்னப்ப அவர்கிட்டயே மெயில் போட்டுக் கேட்டேன். அவர்தான் சொன்னார்."

அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, "போகட்டுமாடா?" என்று கேட்டதற்கும் இதே கதைதான். "அவசரப்படாதக்கா. எனக்குச் சரியாகட்டும், ரெண்டு பேருமே போகலாம்." வேலை வேறொருத்திக்குப் போனது.

ஊருக்கெல்லாம் வழி சொன்னவன், வாயில் ஊட்டியவளுக்குச் சொல்லவில்லை. அவள் விட்டுவிட்டுப் போகிற ஜாதி இல்லை என்று தெரியும்; தெரிந்துதான் செய்திருக்கிறான். மாட்டும்போதெல்லாம் "நாளைக்குப் பாக்கலாம்க்கா" என்று கட்டிலிலிருந்து சிரிப்பு வேறு. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பதென்றால் இதுதான். அழுகை நின்றுபோனது. அவனைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. பாவம், அதிர்ச்சி என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு அவன் கணினியைத் திறந்தாள். 'கூட்டாளியை விடு' என்று தட்டினாள். பிறகு, 'சுரங்கத்தில் நுழை'.

'வெளியே வெயில். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நீ தப்பிவிட்டாய்.'

இவ்வளவுதானா என்றிருந்தது. கர்சர் அடுத்த சொல்லுக்காகத் துடித்துக்கொண்டிருந்தது. 'ஏன்டா பொய் சொன்னே' என்று தட்டினாள்.

'புரியவில்லை. வேறு வார்த்தையில் சொல்லிப் பார்.'

விரிப்பை உருவிப்போட்ட கட்டிலை ஒருமுறை பார்த்தாள். அதே வார்த்தைகளை மறுபடியும் தட்டினாள்.